திரையை அணைத்ததும் கர்சரைக் காணோமா? காரணம் இதுதான்

மடிக்கணினியுடன் இன்னொரு திரையை இணைத்து வேலை பார்ப்பவரா நீங்கள்?

வேலை முடிந்தது. பெரிய திரையை அணைச்சாச்சு. அப்புறம் மவுஸை எவ்வளவு நகர்த்தினாலும் கர்சர் கண்ணில் படவில்லை. கணினி கெட்டுப்போச்சோ?

இல்லை. கர்சர் இன்னும் அந்த இருண்ட திரையில்தான் இருக்கிறது.

ஏன் அப்படி?

இரண்டு திரைகளையும் கணினி ஒரே பெரிய பலகையாகத்தான் பார்க்கிறது.

விண்டோஸில் முதன்மைத் திரையின் இடது மேல் மூலைதான் பூஜ்யம். அந்தத் திரையின் அகலம் 1,920 பிக்சல் என்றால், வலப்பக்கம் உள்ள இரண்டாம் திரை 1,920இல் தொடங்கும்.

கர்சர் 2,500இல் இருந்தால், அது இரண்டாம் திரையில் இருக்கிறது என்று அர்த்தம்.

கேபிளைக் கழற்றினால்?

பிரச்சினை இல்லை. எச்டிஎம்ஐ கேபிளில் திரை இணைந்திருக்கிறதா என்று சொல்வதற்கென்றே ஒரு கம்பி உண்டு. அந்தத் தகவல் நின்றதும் கணினி பலகையைச் சுருக்கிவிடும். கர்சரையும் மீதமுள்ள திரைக்குள் கொண்டுவந்துவிடும்.

பவரை மட்டும் அணைத்தால்?

இங்கேதான் சிக்கல். எச்டிஎம்ஐ வழி இணைந்த பல திரைகள், அணைத்த பிறகும் "நான் இருக்கிறேன்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அதே திரையை இன்னொரு கணினிக்கு மாற்றிவிட்டாலும் அப்படி நடக்கலாம்.

திரை இருண்டது உங்களுக்குத் தெரியும். கணினிக்குத் தெரியாது!

இது வெறும் எரிச்சல் மட்டும்தானா?

இல்லை, கவனம் தேவை. கூட்ட அறையின் திரையை அணைத்துவிட்டு மடிக்கணினியில் வேலையைத் தொடர்கிறீர்கள். கேபிள் இன்னும் மாட்டியிருக்கிறது. நீங்கள் திறக்கும் சம்பள விவரமோ சொந்த மெசேஜோ அந்தத் திரையில் போய் நிற்கலாம். யாராவது திரையை மறுபடி போட்டால், எல்லாரும் பார்த்துவிடுவார்கள்.

என்ன செய்யலாம்?

- விண்டோஸ் பொத்தானையும் 'பி' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். பட்டியலில் 'பிசி ஸ்கிரீன் ஒன்லி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கர்சர், சன்னல்கள் எல்லாம் மடிக்கணினிக்கே வந்துவிடும். மவுஸ் தேவையில்லை, அம்புக்குறிப் பொத்தான்களும் 'என்டர்' பொத்தானும் போதும்.

- ஒரு சன்னல் மட்டும் மாட்டிக்கொண்டதா? 'ஆல்ட்', 'டேப்' அழுத்தி அதைத் தேர்ந்தெடுங்கள். பிறகு விண்டோஸ், 'ஷிப்ட்', இடது அம்புக்குறி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். அது அடுத்த திரைக்குத் தாவும்.

- மேக் கணினியா? மவுஸை வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள். கர்சர் சற்று நேரம் பெரிதாகும். அப்போதும் தெரியவில்லை என்றால், அது மற்றத் திரையில் இருக்க வாய்ப்புண்டு. கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

மறுபடி மாட்டினால் எல்லாம் பழைய இடத்துக்குப் போகுமா?

விண்டோஸ் 11இல் அதற்கு வசதி உண்டு. 'செட்டிங்ஸ்', 'சிஸ்டம்', 'டிஸ்பிளே' வழியாகப் போய், 'மல்டிபிள் டிஸ்பிளேஸ்' பகுதியைத் திறங்கள். சன்னல்கள் இருந்த இடத்தை நினைவில் வைக்கும் தெரிவு அங்கே இருக்கும். திரை துண்டிக்கப்பட்டால், அதிலிருந்த சன்னல்களைச் சுருக்கி வைக்கும் தெரிவும் அங்கேயே உண்டு.

அடுத்த முறை கூட்ட அறையிலிருந்து கிளம்பும்போது, திரையை அணைப்பதோடு நிறுத்தாதீர்கள். கேபிளையும் கழற்றிவிடுங்கள்.