விளைச்சலை விற்காமலே கையில் பணம்

அறுவடை முடிந்த கையோடு விவசாயியைத் தேடி எல்லாரும் வருவார்கள். உரக்கடை பாக்கி, டிராக்டர் வாடகை, ஆள் கூலி எல்லாவற்றுக்கும் அவர் சொல்லி வைத்த தவணை அதுதான். ஊரில் எல்லார் மூட்டையும் சந்தைக்கு இறங்குவதும் அதே நேரத்தில்தான். வரத்து குவிந்தால் விலை சரியும் என்பது விவசாயிக்கும் தெரியும், வியாபாரிக்கும் தெரியும். ஆனால் விலை ஏறும்வரை பொறுத்திருக்க வியாபாரியால்தான் முடிகிறது.

அந்தப் பொறுக்கும் சக்தியை விவசாயிக்குத் தருவதுதான் பொருளீட்டுக் கடன். தமிழ்நாட்டில் ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிடங்கில் விளைபொருளை இருப்பு வைத்தால், அன்றைய மதிப்பில் 75 விழுக்காடு வரை, அதிகபட்சம் 3 லட்சம் ரூபாய், 5 விழுக்காடு ஆண்டு வட்டியில் கிடைக்கும். 180 நாள் வரை வைத்திருக்கலாம். மஞ்சள், உளுந்து, மணிலா, மக்காச்சோளம் போல, காயவைத்தால் கெடாமல் இருக்கும் பொருள்களுக்கு இது நன்றாகப் பொருந்தும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 லட்சம் ரூபாய் பெறும் மஞ்சளை ஈடாக வைத்து 3 லட்சம் வாங்கினால், ஆறு மாத வட்டி 7,500 ரூபாய். விலை 2 விழுக்காடு ஏறினாலே வட்டி வந்துவிடும். கிடங்கு வாடகையும் ஏற்று கூலியும் தனி. வெளியில் கந்துவட்டிக்கு வாங்கியவருக்கு இந்தக் கணக்கு கனவிலும் வராது. நிலத்தை அடகு வைக்கவும் வேண்டியதில்லை, விளைந்த பொருளே ஈடு.

மத்திய அரசின் வழி வேறு. 2007ஆம் ஆண்டுக் கிடங்குச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற கிடங்குகள் மின்னணு ரசீது தருகின்றன. அதைக் காட்டி வங்கியில் கடன் பெறலாம். இத்தகைய கடன்களுக்காக 2024 டிசம்பரில் 1,000 கோடி ரூபாய் உத்தரவாதத் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

ஒன்றை மறைக்கக் கூடாது. விலை ஏறும் என்று யாரும் உறுதி தரவில்லை. இறங்கினாலும் அசலும் வட்டியும் கட்டியே ஆக வேண்டும். ஈரம் போகாத சரக்கை வைத்தால் பூஞ்சையும் எடைக்குறைவும் லாபத்தைத் தின்றுவிடும். எல்லாவற்றையும்விடப் பெரிய தடை தூரம். பத்து மூட்டை உளுந்துக்காரர் வண்டி வாடகை கொடுத்து நகரத்துக் கிடங்குக்குப் போவதைவிட, களத்துமேட்டிலேயே விற்றுவிடுவது மேல் என்றுதான் நினைப்பார். அவர் மீது குற்றமில்லை. கிடங்குகள் கிராமத்துக்குப் பக்கத்தில் வராதவரை, இந்தக் கடன் ஓரளவு வசதி உள்ளவருக்கே முழுதாகப் பயன்படும். அரசு முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை: அறுவடை வரை காத்திராமல், இப்போதே விற்பனைக்கூடக் கண்காணிப்பாளரைப் பார்த்து, கிடங்கில் இடம் இருக்கிறதா, ஈரப்பதம் எவ்வளவு இருக்கலாம், என்னென்ன ஆவணம் வேண்டும் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.