ஒரு பால் கவரின் மூன்று விலை

பழைய பேப்பர் கடைக்காரர் தராசைத் தூக்கினால் நம் கண் முள்ளின் மேலேயே இருக்கும். நூறு கிராம் குறைந்தாலும் விடமாட்டோம். அதே வீட்டிலிருந்து காலையில் குப்பை அள்ளும் பேட்டரி வண்டிக்குப் போகும் வாளியை மட்டும் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. இன்று நிறுத்துப் பார்க்கலாம்.

வாளி: தலைக்கு நாளொன்றுக்கு அரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாலு பேர் உள்ள மயிலாப்பூர் வீட்டில் 2 கிலோ. ஆண்டுக்கு 730 கிலோ. காய்த்தோல், காபிச் சக்கை, சாமி படத்திலிருந்து எடுத்த வாடிய பூ என்று ஏறக்குறைய பாதி ஈரக்குப்பை. அது பச்சைத் தொட்டிக்கு. பால் கவரும் அட்டைப்பெட்டியும் நீலத் தொட்டிக்கு. வீட்டிலேயே பிரித்துத் தரவேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன.

அள்ளும் கூலி: 2020 அக்டோபரில் தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு உட்பட சென்னையின் 7 மண்டலங்கள், அதாவது 92 வார்டுகள், உர்பேசர் சுமீத் நிறுவனத்திடம் 8 ஆண்டுகளுக்கு ஒப்படைக்கப்பட்டன. ஒப்பந்தத் தொகை ஆண்டுக்கு 447 கோடி ரூபாய். நாளுக்கு 1.22 கோடி, ஒரு வார்டுக்கு நாளொன்றுக்கு சுமார் 1.33 லட்சம். 2000-இல் ஓனிக்ஸ் நிறுவனம் குப்பை அள்ள வந்த காலத்தில் டன் கணக்கில் கூலி கொடுத்தார்கள். குப்பை குறைந்தால் வருமானமும் குறையும் ஏற்பாடு அது. இப்போது தெரு சுத்தமாக இருக்கிறதா என்பது போன்ற அளவுகோல்களை வைத்துப் பணம்.

கிளறும் கூலி: தென்சென்னைக் குப்பை போய்ச் சேர்ந்த இடம் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடி. அங்கே 225 ஏக்கரில் குவிந்த 34.02 லட்சம் கன மீட்டரைத் தோண்டிச் சலித்து, மண், கல், பிளாஸ்டிக் என்று பிரிக்க 350.65 கோடி ரூபாய்த் திட்டம். கன மீட்டருக்கு 1,030 ரூபாய். வடக்கே கொடுங்கையூரில் 66.52 லட்சம் டன்னுக்கு 640.83 கோடி, டன்னுக்கு 963 ரூபாய். அந்த விலையில் நம் வீட்டு 730 கிலோவைக் கிளற 703 ரூபாய் ஆகும். ஒருமுறை காசு கொடுத்துக் கொட்டியதை மறுமுறை காசு கொடுத்துத் தோண்டுகிறோம்.

கட்டாத கட்டணம்: 2021 ஜனவரி முதல் வீடுகளுக்கு மாதம் 10 முதல் 100 ரூபாய் வரை குப்பைக் கட்டணம் என்று மாநகராட்சி அறிவித்தது. எதிர்ப்புக் கிளம்பவே கைவிடப்பட்டது. கட்டியிருந்தால் ஆண்டுக்கு 120 முதல் 1,200 ரூபாய். ரசீது வரவில்லை என்பதால் செலவு இல்லாமல் போய்விடவில்லை. நம் வரிப்பணத்திலிருந்து போகிறது. 1989-இல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கத்தில் தெருக்காரர்களே மாதச்சந்தா போட்டு மூன்று சக்கர வண்டிக்காரரை வைத்துக்கொண்டார்கள். கையிலிருந்து காசு போனதால், ஒருநாள் வண்டி வராவிட்டாலும் கேள்வி கேட்டார்கள்.

மிச்சம்: ஈரக்குப்பையை மாடியில் ஒரு தொட்டியில் காய்ந்த இலையோடு அடுக்கி வைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் உரம். ஒவ்வொரு வீடும் நாளுக்கு ஒரு கிலோவைத் தன்னிடமே வைத்துக்கொண்டால், பத்தாயிரம் வீடுகளில் தினம் 10 டன் வண்டி ஏறாது.

பிரிக்கிற வேலை ஒன்றுதான். எங்கே செய்கிறோம் என்பதில்தான் விலை. சமையலறையில் பால் கவரை ஓர் அலசு அலசித் தனியே போட காசு ஆகாது. தவறினால், வண்டிக்குப் பின்னால் நிற்கும் அம்மா ஊசிப்போன சோற்றுக்குள் கைவிட்டு அதை உருவி எடுக்க வேண்டும். அவர் கையும் தவறினால் பெருங்குடி, கன மீட்டருக்கு 1,030 ரூபாய்.