சரிபார்க்கக் கொடுத்தோம், பழுதாய் வாங்கினோம்

பெரும்போக விதைப்புக்கு வயல்கள் தயாராகிக்கொண்டிருந்த ஐப்பசி மாதத்துக் காலை ஒன்று. எமது நிலையத்து மோட்டார் சைக்கிளின் கீழே சீமெந்துத் தரையில் ஓர் ஈரவட்டம் தெரிந்தது. தொட்டுப் பார்த்தோம். எண்ணெய். தேன் நிறத்தில் இருந்த புதிய எண்ணெய். முதல்நாள் மாலைதான் கராஜ் ஒன்றில் எண்ணெய் மாற்றி, சங்கிலி இறுக்கி, பிரேக் பார்த்து, கேட்ட காசையும் கொடுத்து எடுத்து வந்திருந்தோம். கொடுக்கும்போது அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. பராமரிப்புக்கென்று கொடுத்த வண்டி பழுதாகித் திரும்பியிருந்தது.

இது சின்ன விடயம் என்று சிலர் நினைக்கலாம். வாசகர்களாகிய நீங்கள் அப்படி நினைக்கமாட்டீர்கள். 1990இலும், பின்னர் 2006, 2007ஆம் ஆண்டுகளிலும் வீடு, மாடு, கலப்பை எல்லாவற்றையும் விட்டு எழுந்து ஓடியவர்கள் நீங்கள். திரும்பிவந்த பலருக்கு லீசிங்கில் எடுத்த மோட்டார் சைக்கிள் ஒன்றே இன்று வீட்டிலுள்ள பெரிய சொத்து. விதைநெல்லும் பசளையும் வயலுக்குப் போவது அதில். பிள்ளை பள்ளிக்கூடம் போவது, நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவது, பால் சேகரிப்பு நிலையத்துக்குப் போவது எல்லாம் அதில்தான். முன்பு மண்முனையில் பாதைக்குக் காத்துக் கிடந்தோம். 2014இல் பாலம் திறந்தபின் படுவான்கரைக்கும் எழுவான்கரைக்கும் இடையிலான ஓட்டம் முழுவதும் இந்த இரண்டு சில்லில் நடக்கிறது. அது ஒரு கிழமை நின்றால் வயல் நிற்கும். ஆனால் லீசிங் தவணை நிற்காது.

மரை கழன்ற கதை

எமது வண்டியில் நடந்தது இதுதான். எஞ்சினின் அடியில் பழைய எண்ணெயை வடிப்பதற்கு ஒரு போல்ட் உண்டு. போல்ட் இரும்பு, அது பூட்டப்படும் எஞ்சின் உடலோ அலுமினியம். இரும்பு வன்மையானது, அலுமினியம் மென்மையானது. போல்ட்டை முதலில் விரலால் நேராகச் சுற்றி ஏற்றி, கடைசியில் மட்டும் ஸ்பானரால் அளவாக இறுக்க வேண்டும். சரிவாக வைத்து ஏற்றினாலோ, ஸ்பானருக்கு நீண்ட குழாய் மாட்டிப் பலங்கொண்டு இறுக்கினாலோ, அலுமினியத்தின் மரை அறுந்துவிடும். அதன்பின் போல்ட் பிடிக்காது. எண்ணெய் துளித்துளியாக வடியும்.

சிறிய மோட்டார் சைக்கிள்களின் எஞ்சினுக்குள் இருப்பது ஏறத்தாழ ஒரு லீற்றர் எண்ணெய்தான். அது வடிந்தது தெரியாமல் ஓடினால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். லேத் பட்டறையில் புதிதாக மரை வெட்டிச் சரிசெய்யக்கூடிய சிறு பழுது, எஞ்சினையே கழற்றும் பெருஞ்செலவாக மாறும். ஆகவே முதற்பாடம்: கராஜிலிருந்து வந்த வண்டியின் கீழே எண்ணெய் கண்டால் அதை உயிர்ப்பிக்காதீர்கள். ஓட்டிப் பார்க்காதீர்கள். உருட்டிச் செல்லுங்கள், அல்லது ஏற்றிச் செல்லுங்கள்.

மரை மட்டுமல்ல. காற்று வடிகட்டியைத் திரும்பப் பூட்ட மறப்பது, செம்மண் புழுதி எஞ்சினுக்குள் போக வழிவிடும். சங்கிலியை அளவுக்கு மிஞ்சி இறுக்குவது, சங்கிலியையும் பல்லுச்சில்லையும் விரைவில் தேய்க்கும். அழுத்தமான தண்ணீரால் கழுவும்போது மின்கம்பி இணைப்புகளுக்குள் நீர் புகும். இவை எல்லாம் சாதாரண பராமரிப்பு வேலையில் நேரும் பழுதுகள்.

நாம் செய்த பிழை

அன்று காலை நாம் கோபத்தோடு போனோம். கராஜில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லார் முன்னிலையிலும் உரத்துக் கேட்டோம். “இங்கிருந்து போகக்குள்ள நல்லாத்தானே போனது, பாதர்?” என்றார் உரிமையாளர். நாம் இன்னும் உரத்தோம். வேலை செய்த பையன் கையில் துணியோடு ஒதுங்கி நின்றான். பதினேழு வயதிருக்கும். அவன் முகத்தைப் பார்த்த பின்னர்தான், அங்கே பேசியது எமது நியாயமா அல்லது எமது வெள்ளை அங்கியா என்ற கேள்வி எமக்குள் எழுந்தது. அன்று ஒன்றும் தீரவில்லை. சபையில் அவமானப்பட்டவர் பிழையை ஒப்புக்கொள்ள மாட்டார்.

வீடு திரும்பும் வழியில், அருகிலுள்ள கிராமத்து விவசாயி ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவருக்கும் இதேபோல் நடந்திருந்தது. அவர் கேட்கவே போகவில்லை. “கேட்டா நாளைக்கு நம்மட சைக்கிளத் தொடமாட்டான், பாதர். இந்தப் பக்கம் வேற கராஜ் எங்க இரிக்கு?” என்றார். இரண்டு தவணைக் காசை அவர் எஞ்சினுக்குச் செலவழித்திருந்தார்.

ஆக, நாம் கத்தினோம். அவர் வாய் திறக்கவில்லை. நீதி இரண்டு வழியிலும் கிடைக்கவில்லை. அகதி முகாமில் வரிசையில் நின்று, கொடுத்ததை வாங்கி, கேள்வி கேட்காமல் இருக்கப் பழகியவர்கள் நம் மக்கள். அந்தப் பழக்கம் கராஜ் வாசல்வரை எம்மோடு வருகிறது. விட்டுக்கொடுப்பது ஒரு நற்பண்பு. பயத்தால் விட்டுவிடுவது நற்பண்பு அல்ல.

மிகப் பழைய வழக்கு

இந்த வழக்கு மோட்டார் சைக்கிளோடு வந்ததல்ல. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முன் பாபிலோனை ஆண்ட ஹமுராபி மன்னனின் சட்டத்தில் தோணி கட்டுபவர் பற்றிய ஒரு விதி உண்டு. கட்டிக்கொடுத்த தோணி அந்த ஆண்டுக்குள்ளேயே ஒழுகிப் பழுதானால், கட்டியவர் அதைத் தம் செலவிலேயே பிரித்து உறுதியாகக் கட்டிக் கொடுக்க வேண்டும். வாவியில் தோணி விடும் எவருக்கும் இந்த நியாயம் விளங்கும்.

திருவிவிலியத்தில் விடுதலைப் பயண நூலின் 22ஆம் அதிகாரம், அயலவனிடம் பராமரிக்கக் கொடுத்த மாடு அல்லது ஆடு பற்றிப் பேசுகிறது. அது அவனிடமிருந்து களவு போனால் அவன் ஈடு செய்ய வேண்டும். காட்டு விலங்கு கடித்துக் கொன்றிருந்தால், எஞ்சியதைக் கொண்டுவந்து சாட்சியாகக் காட்ட வேண்டும். அப்போது ஈடு இல்லை. இங்கே இரண்டு படிப்பினைகள் உள்ளன. கவனயீனமும் தவிர்க்க முடியாத விபத்தும் ஒன்றல்ல. எதுவானாலும் சான்று வேண்டும். பத்து வருடம் ஓடிய வண்டியின் மரை முன்பே தேய்ந்திருக்கக்கூடும். அதையும் நாம் நேர்மையோடு ஏற்க வேண்டும்.

கொடுக்கும்போதே செய்ய வேண்டியவை

1. என்ன வேலை, என்ன கூலி என்பதை முதலிலேயே பேசி ஒரு துண்டில் எழுதுங்கள். திகதி, ஓடிய கிலோமீற்றர், ஏற்கனவே உள்ள குறைகள் ஆகியவற்றையும் சேருங்கள். கைத்தொலைபேசி இருந்தால் வண்டியின் நான்கு பக்கத்தையும் படமெடுங்கள்.

2. சொல்லாத வேலை எதையும் கேட்காமல் செய்ய வேண்டாம் என்று தயவாகச் சொல்லுங்கள்.

3. மாற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். அவை உங்களுடையவை.

4. எடுக்கும்போது எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, அடியில் குனிந்து பாருங்கள். எண்ணெய் மட்டம், பிரேக், விளக்கு, சங்கிலி ஆகியவற்றை அந்த இடத்திலேயே சோதியுங்கள்.

5. பற்றுச்சீட்டுக் கேளுங்கள். சீட்டுப் புத்தகம் இல்லாவிட்டால் ஒரு கடதாசியில் தொகையும் கையொப்பமும் போதும்.

பழுது தெரிந்தால் மூன்று படிகள்

மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், தவறு செய்த சகோதரனை அணுகுவதற்கு இயேசு மூன்று படிகளைக் காட்டுகிறார். எந்தச் சமயத்தவருக்கும் உதவும் வழி இது. நாம் இரண்டாம் முறை கராஜுக்குப் போனது இந்த வழியில்தான்.

முதலாவது, தனியே போங்கள். கூட்டம் இல்லாத நேரம் பார்த்து உரிமையாளரோடு பேசுங்கள். “நீங்கள் கெடுத்துவிட்டீர்கள்” என்று தொடங்காமல், “நேற்று இந்த வேலை செய்தோம், இன்று இப்படி இருக்கிறது, வந்து பாருங்கள்” என்று தொடங்குங்கள். என்ன வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள்: திரும்பச் சரிசெய்வதா, பாகத்தின் விலையா, கூலியில் குறைப்பா? வேறு கராஜில் கழற்ற முன்னர் இவரிடமே காட்டுங்கள். வேறொருவர் கைவைத்தபின் யார் செய்த பழுது என்று நிறுவுவது கடினம்.

இரண்டாவது, ஒருவரையோ இருவரையோ கூட்டிச் செல்லுங்கள். வேலை தெரிந்த வேறொரு மெக்கானிக் நல்ல சாட்சி. அவர் கண்டதை எழுதித் தந்தால் மேலும் நல்லது. ஊரில் இருவருக்கும் வேண்டிய ஒருவர் வந்தால் பேச்சு தணியும். கூலி கொடுக்கும்வரை வாகனத்தைத் தம்மிடம் வைத்திருக்கும் உரிமை திருத்துபவருக்கு உண்டு. ஆகவே வண்டியை இழுத்துக்கொண்டு வர முயல வேண்டாம். காசைக் கொடுத்து, பிரச்சினை தீரவில்லை என்று சீட்டில் குறித்து வாங்குங்கள்.

மூன்றாவது, சமூகத்தின் முன் வையுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கமும் கமக்காரர் அமைப்பும் இதற்கு உதவலாம். அங்கும் தீராவிட்டால் மத்தியஸ்த சபை உண்டு. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட இச்சபைகளில் சட்டத்தரணி தேவையில்லை. இரு தரப்பாரும் தமக்கு ஒவ்வொரு மத்தியஸ்தரைத் தெரிந்துகொள்வர். மூன்றாமவர் தலைமை தாங்குவார். உங்கள் பிரதேசத்துச் சபை எங்கே கூடுகிறது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம்.

இதற்கு அப்பால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. கூலிக்குச் செய்யும் வேலை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும், பயன்படுத்தும் பொருள் அந்த வேலைக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்ற உத்தரவாதம், வாயால் சொல்லாவிட்டாலும் உண்டு என்கிறது அச்சட்டம். முறைப்பாட்டை மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. இந்த மூன்று மாதத்தை மறக்காதீர்கள். அறுவடை முடியட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

திருத்துபவனும் நம்மவன்

எமது விடயம் முதற்படியிலேயே தீர்ந்தது. மரை வெட்டும் செலவை உரிமையாளர் ஏற்றார். எண்ணெயை நாம் வாங்கினோம். கைகுலுக்கிப் பிரிந்தோம். எல்லாம் நன்றாய் முடிந்தது என்று மகிழ்ந்திருந்தோம்.

ஒரு மாதம் கழித்து அந்தப் பையனை வழியில் கண்டோம். அந்தச் செலவில் பாதி அவனுடைய சம்பளத்தில் கழிக்கப்பட்டிருந்தது. தாய் அவனைச் சுமந்திருந்தபோது வாகரைப் பக்கத்திலிருந்து நடந்து வந்த குடும்பம் அது. போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எமக்கு நீதி கிடைத்தது. அதன் விலையைக் கொடுத்தவன் அவன். மறுபடி உரிமையாளரிடம் போனோம். இம்முறை எமக்காகப் போகவில்லை. அவர் கேட்டுக்கொண்டிருந்தார். காசைத் திருப்பிக் கொடுப்பதாகச் சொல்லவில்லை, மறுக்கவுமில்லை. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

தொழில் கற்றுக்கொடுப்பதும் நீதிதான். மட்டக்களப்பில் இளைஞர்களுக்குத் தொழில்நுட்பக் கல்வி அளிப்பதற்காக உழைத்தவர், அமெரிக்காவில் பிறந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபேர்ட் அடிகளார். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்ட அவரும், கூடவந்த இளைஞரும் திரும்பி வரவில்லை. அவர் தொடங்கிய வழி மூடப்பட வேண்டியதில்லை. இன்று தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழில் மோட்டார் சைக்கிள் திருத்துநருக்கும் இடமுண்டு. கராஜில் வேலை செய்து பழகியவர்கள், பள்ளிப் படிப்புக் குறைந்திருந்தாலும், தம் கைத்திறனைச் சோதனையில் காட்டிச் சான்றிதழ் பெற வழி இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளை கராஜில் நின்றால், தொழிற் பயிற்சி அதிகாரசபையில் விசாரியுங்கள்.

அடுத்த முறை வண்டியைக் கொடுக்கும்போது துண்டில் எழுதிக் கொடுங்கள். எடுக்கும்போது குனிந்து பாருங்கள். பிழை கண்டால் வாய் திறங்கள். அப்போது அந்தப் பையன் எங்கே நிற்கிறான் என்பதையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

குழுவில் கலந்துரையாட

1. எமது ஊரில் கூலி கொடுத்துச் செய்வித்த வேலையில் நட்டப்பட்டு, கேட்காமல் விட்டவர்கள் யார்? ஏன் விட்டோம்?

2. எமது சங்கத்தில், இருதரப்புக்கும் பொதுவாகப் பேசக்கூடிய இருவரைத் தெரிவு செய்ய முடியுமா?

3. வேலை பழகும் பிள்ளையின் பிழைக்கு யார் பொறுப்பு: பிள்ளையா, கற்றுக்கொடுக்காத முதலாளியா, குறைந்த கூலி தேடிப் போகும் நாமா?