கணக்கைச் சரிபார்ப்பவர் யார்?
பிட்கொயின் மென்பொருள் ஒரு புளொக்கைப் பரிசோதிக்கும் முறை பற்றிய விளக்கம்

கிரிப்டோ நாணயம் பற்றி எமது சமூகத்தில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடுகிறது. ஒன்று, ஆகுமா ஆகாதா என்பது. மற்றது, விலை ஏறுமா இறங்குமா என்பது. முதற் கேள்வியில் உலமாக்களிடையே ஒத்த கருத்து இல்லை. எகிப்தின் தாருல் இஃப்தா 2018 ஜனவரியில் பிட்கொயின் வியாபாரம் கூடாது என்றது. இந்தோனேசிய உலமா சபை 2021 நவம்பரில் அதை நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என்றது. நிபந்தனைகளோடு அனுமதிப்போரும் உள்ளனர். அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. நான் எடுத்துக்கொள்வது மூன்றாவது ஒரு கேள்வி: இந்தக் கணக்கு சரிதான் என்று யார் பார்க்கிறார், எப்படிப் பார்க்கிறார்?

இக்கேள்வி ஏட்டுக் கேள்வியல்ல. குறிகட்டுவான் இறங்குதுறையில், நயினாதீவுப் படகுக்குக் காத்திருந்த ஒரு நாள், தெரிந்த தம்பி ஒருவர் போனை நீட்டினார்.

"நானா, இதைப் பாருங்க. போட்ட காசு ரெண்டு மடங்காகிட்டு. இன்னும் ரெண்டு பேரைச் சேர்த்தா இன்னும் கூடுமாம்."

"இந்தக் கணக்கு சரியோ எண்டு நீங்க எங்க போய்ப் பார்ப்பீங்க தம்பி?"

"அதான் ஆப்பிலயே காட்டுதே நானா."

அவர் கையில் இருந்ததும் பிட்கொயினும் ஒன்றே என்றுதான் அவர் நினைத்திருந்தார். இரண்டுக்கும் உள்ள தூரம் புரியவேண்டுமானால் அசல் இயந்திரத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

பிட்கொயின் 2009 ஜனவரியில் சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் இருந்தவர் வெளியிட்ட மென்பொருளோடு தொடங்கியது. அதன் தொடர்ச்சி இன்று 'பிட்கொயின் கோர்' எனப்படுகிறது. அதன் நிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது; எவரும் வாசிக்கலாம், இலவசமாக இறக்கித் தம் கணினியில் ஓட்டலாம். ஓட்டினால் 2009 முதல் நடந்த அத்தனை கொடுக்கல் வாங்கலும் அடங்கிய பேரேடு அந்தக் கணினிக்கு வந்து சேரும். இன்று அது 600 ஜிபிக்கும் மேல். தலைமைக் கந்தோர் என்று ஒன்றும் கிடையாது. உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகள் அதே பேரேட்டை வைத்திருக்கின்றன.

சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புதிய கொடுக்கல் வாங்கல்கள் ஒரு கட்டாக வந்து சேரும். அதுதான் புளொக். அதை அனுப்பியவர் யார் என்று மென்பொருள் கேட்பதில்லை. வந்ததைச் சோதிக்கத் தொடங்குகிறது.

முதலில் தலைப்பகுதி. அது வெறும் 80 பைட். முந்தைய புளொக்கின் கைரேகை போன்ற ஓர் எண் அதில் இருக்கும். ஷா-256 என்ற கணித முறையை இருமுறை செலுத்தி அந்த எண் பெறப்படுகிறது. பழைய புளொக்கில் ஓர் எழுத்து மாறினாலும் எண் முழுவதும் மாறிவிடும். புதிய புளொக்கின் எண் குறித்த எல்லைக்குக் கீழே இருக்க வேண்டும். அப்படி அமையும் வரை கோடானுகோடி முறை முயன்று பார்ப்பதைத்தான் மைனிங் என்கிறார்கள். மின்சாரம் செலவாவது அங்கேதான். நேரமும் பார்க்கப்படும்: கடைசி 11 புளொக்குகளின் இடைநிலை நேரத்துக்குப் பிந்தியதாகவும், இப்போதைய நேரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிந்தியதாக இல்லாமலும் இருக்க வேண்டும்.

அடுத்து உள்ளடக்கம். ஒவ்வொரு கொடுப்பனவிலும் மென்பொருள் கேட்பவை இவை: செலவழிக்கும் காசு உண்மையில் இருக்கிறதா? ஏற்கனவே செலவழிந்ததா? உரியவரின் டிஜிட்டல் கையொப்பம் பொருந்துகிறதா? வெளியே போகும் தொகை உள்ளே வந்த தொகையை மிஞ்சுகிறதா? கடைசியாக, புளொக்கை உருவாக்கியவர் எடுத்துக்கொண்ட வெகுமதி அளவுக்குட்பட்டதா? ஆரம்பத்தில் 50 பிட்கொயினாக இருந்த அந்த வெகுமதி 210,000 புளொக்குகளுக்கு ஒருமுறை பாதியாகும். 2024 ஏப்ரல் முதல் 3.125. இவற்றில் ஒன்று பிழைத்தாலும் முழு புளொக்கும் தள்ளப்படும். எவ்வளவு மின்சாரம் எரித்துச் செய்தாலும் சரி.

ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இது பழகிய முறைபோல் தோன்றும். சனதை ஒரு பக்கமும் மத்தனை ஒரு பக்கமும் ஆராய்வது போலவே இங்கும் தொடர்ச்சி தனியாக, உள்ளடக்கம் தனியாகச் சோதிக்கப்படுகிறது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அங்கே அறிவிப்பாளரின் நேர்மை எடைபோடப்படுகிறது. இங்கே எவருடைய நேர்மையும் கணக்கில் இல்லை.

சோதிப்பதும் மனிதர் எழுதிய நிரல்தானே, அது பிழைக்காதா? பிழைத்திருக்கிறது. 2010 ஆகஸ்ட் 15இல், 74638ஆம் புளொக்கில், 184 பில்லியனுக்கும் மேற்பட்ட பிட்கொயின் திடீரென முளைத்தது. மொத்தமாகவே 21 மில்லியனுக்கு மேல் உருவாக முடியாத நாணயம் அது. இரு பெரும் தொகைகளைக் கூட்டும்போது எண் கொள்ளளவை மீறிக் கழித்தல் பக்கம் போய்விட, மென்பொருள் அதைச் சரியென்று எடுத்துக்கொண்டது. சில மணி நேரத்துக்குள் திருத்தம் வெளியாகி, அந்த புளொக் ஒதுக்கப்பட்டது.

இன்னொன்று 2018 செப்டெம்பரில் தெரியவந்தது. ஒரே கொடுப்பனவில் ஒரே காசு இருமுறை காட்டப்படுகிறதா என்று பார்க்கும் சோதனையை, வேறிடத்தில் அது நடக்கிறதே என்று எண்ணி, வேகத்துக்காக நீக்கியிருந்தார்கள். இல்லாத காசை உண்டாக்க அது வழிவிட்டிருக்கும். எவரும் பயன்படுத்துமுன் பிட்கொயினில் அது அடைக்கப்பட்டது. நிரல் திறந்து கிடந்ததால்தான் வெளியாள் ஒருவர் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது.

சரி, இந்தச் சோதனை எதைப் பார்க்காது? எங்கள் வரலாறே இதற்கு விடை சொல்லும். 1990 அக்டோபர் 30இல் யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். காணி உறுதிகளை இழந்துவிட்டுப் பின்னர் உரிமையை நிறுவ அலைந்த குடும்பங்கள் எத்தனை! ஆயிரம் இடங்களில் படி இருக்கும் பேரேடு அப்படி ஒரே நாளில் அழியாது என்பது உண்மைதான். ஆனால் அதே நாளில் இரகசியச் சாவி பறிபோயிருந்தால்? துப்பாக்கி முனையில் போட்ட கையொப்பமும் இந்த மென்பொருளுக்குச் செல்லுபடியான கையொப்பமே. வியாபாரத்தில் இரு தரப்பாரின் பொருத்தம் வேண்டும் என்கிறது மார்க்கம். பொருத்தத்தைச் சோதிக்க இயந்திரத்திடம் வழியில்லை. ஏட்டுக்கு வெளியே காணி யாருடையது, கொடுத்தவர் மனமுவந்து கொடுத்தாரா என்பவை மனிதச் சாட்சிக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய விடயங்கள்.

அந்தத் தம்பியின் ஆப்பில் இந்தக் குறைந்தபட்சச் சோதனைகூட இல்லை. அதன் பேரேடு வெளியே எங்கும் கிடையாது. திரையில் வருவது நடத்துபவர் எழுதும் எண். ஆள் சேர்த்தால் காசு கூடும் பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி இலங்கையில் தடைசெய்யப்பட்டவை. கிரிப்டோ திட்டம் நடத்த எவருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கியும் பலமுறை அறிவித்திருக்கிறது.

சூரா பகராவின் 282ஆம் வசனம் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதவும், எழுதுபவர் நீதமாக எழுதவும், சாட்சிகளை வைக்கவும் பணிக்கிறது. காசை வாங்குபவரே எழுத்தராகவும் சாட்சியாகவும் இருக்கும் ஏற்பாடு அதிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆகவே யாராவது போனை நீட்டினால், இலாபம் எவ்வளவு என்று கேட்குமுன் ஒன்றைக் கேளுங்கள்: இந்தப் பேரேட்டை என் கணினியில் இறக்கி நானே சரிபார்க்க முடியுமா? முடியாது என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். முடியும் என்றாலும் கணக்கு மட்டுமே சரியாகும். ஆகுமா, விலை நிற்குமா என்ற கேள்விகள் அப்படியே மிச்சமிருக்கும்.