முதியோர் குடியிருப்பில் வீடு வாங்கும் முன்

பிள்ளைகள் துபாயிலும் சென்னையிலும். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பெரிய வீட்டில் அத்தாவும் அம்மாவும் தனியே. இப்படிப்பட்ட குடும்பங்களில் இப்போது கோவை முதியோர் குடியிருப்புகள் பற்றிப் பேச்சு வருகிறது.

சமையல், துப்புரவு, லிஃப்ட், வழுக்காத தரை, ஆபத்துக்கு அழைக்க மணி, வயதொத்தவர்களின் துணை: இவை உண்மையான வசதிகள். இரவில் விழுந்தவரைக் காலையில் பால்காரர் வந்துதான் பார்க்கும் நிலை அங்கே வருவது அரிது.

ஆனால் பத்திரத்தைப் படிக்காமல் பணம் கொடுக்காதீர்கள். சில இடங்களில் வீடு உங்கள் பெயரில் கிரயமாகும். சில இடங்களில் முன்பணத்துக்கு ஆயுள் வரை தங்கும் உரிமை மட்டுமே. கிரயமானாலும் வயது வரம்பு இருந்தால், உங்களுக்குப் பின் பிள்ளைகள் அதை விற்கலாமே தவிர குடியிருக்க முடியாது. பராமரிப்புக் கட்டணம் ஆண்டுதோறும் ஏறும். படுத்த படுக்கையானால் ஆள் வைக்கும் செலவு பெரும்பாலும் தனி. பல இடங்களில் சைவச் சமையல்தான். ஜும்ஆவுக்குப் பள்ளிவாசல் எவ்வளவு தூரம், மய்யித்தை எங்கே அடக்குவது என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

ஊர் வீட்டை விற்றுவிட்டுப் போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வாடகைக்கு விடும் வீடு அங்கே இருந்தால், இரண்டு மாதம் தங்கிப் பாருங்கள்.

வீட்டைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுப்பவர்கள், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். வாய்மொழி ஹிபாவில் இதை நிரூபிப்பது கடினம். நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 23ஆம் பிரிவுப்படி, கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் அதை ரத்து செய்யக் கோரலாம். முதியோர் உதவி எண் 14567, கட்டணம் இல்லை.