பழைய மர மிஷின் வாங்கும்போது

உத்தரப் பிரதேசத்தில் சகாரன்பூர் என்று ஒரு நகரம் இருக்கிறது. மரச் செதுக்கு வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். சீசம் மரத்திலும் மாமரத்திலும் பெட்டி, மேசை, திரை எல்லாம் அங்கே செய்கிறார்கள். பூ வேலைக்கு உளியும் கையும் வேண்டும். ஆனால் பலகையை அறுக்கவும் இழைக்கவும் மிஷின் வந்துவிட்டது. இழைப்புளியைத் தள்ளித் தள்ளித் தோள் வலிக்கும் தச்சருக்கு இது பெரிய உதவிதான்.

புது மிஷினுக்குப் பணம் அதிகம் வேண்டும். அதனால் சிறிய பட்டறைக்காரர்கள் பழைய மிஷினைத் தேடுகிறார்கள். பல வேலைகளை ஒன்றே செய்யும் மிஷினாக இருந்தால் இன்னும் நல்லது என்று நினைக்கிறார்கள்.

இந்தியில் இதை ரந்தா மிஷின் என்பார்கள். ரந்தா என்றால் இழைப்புளி. மோட்டார் ஒன்றுதான். அது பெல்ட் மூலம் ஒரு தண்டைச் சுற்றும். தண்டின் நடுவில் இழைக்கும் பிளேடுகள் இருக்கும். ஒரு முனையில் வட்ட ரம்பம். மறு முனையில் துளை போடும் பிட். இதில் ஓர் ஆபத்து உண்டு. ரம்பத்தில் அறுக்கும்போது, பக்கத்தில் இழைக்கும் பிளேடும் சுற்றிக்கொண்டே இருக்கும். அறுப்பவரின் கவனம் ரம்பத்தில் இருக்கும். கை தவறி பிளேடு பக்கம் போய்விடும்.

விற்பவர் புதுப் பெயின்ட் அடித்து வைத்திருப்பார். பெயின்ட்டைப் பார்த்து ஏமாறக் கூடாது. மிஷினில் என்ன இல்லை என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். ரம்பத்தின் மேல் மூடி இருக்கிறதா? இழைக்கும் பிளேடுக்கு மூடி இருக்கிறதா? பெல்ட்டுக்குக் கூண்டு இருக்கிறதா? ரம்பத்தின் பின்னால் நிற்கும் தகடு இருக்கிறதா? பழைய மிஷின்கள் பலவற்றில் இவை இருப்பதில்லை. "வேலைக்கு இடைஞ்சல், கழற்றிவிட்டோம்" என்பார்கள்.

அந்தத் தகடு எதற்கு? சில மரங்கள் அறுபட்டதும் உள்ளே இறுகும். அறுத்த பிளவு மூடிக்கொண்டு ரம்பத்தைப் பிடிக்கும். ரம்பத்தின் பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே ஏறுபவை. அவை மரத்தைத் தூக்கி, அறுப்பவர் மேலேயே எறிந்துவிடும். வயிற்றில் அடிபடலாம். கை ரம்பத்தின் மேல் விழலாம். தகடு பிளவை மூடவிடாமல் பிடிக்கும். அது ரம்பத்தின் உடலைவிடச் சற்றுத் தடிப்பாக இருக்க வேண்டும். பற்கள் அறுக்கும் அகலத்தைவிட மெல்லியதாக இருக்க வேண்டும். மூடியும் தகடும் இல்லாவிட்டால், அவற்றைச் செய்து மாட்ட ஆகும் செலவை விலையில் குறைத்துக் கேட்பது நியாயம்.

அடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பெல்ட்டைக் கையால் இழுத்துத் தண்டைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கரகரவென்று சத்தம் வந்தாலோ, தண்டு ஆடினாலோ பேரிங் தேய்ந்திருக்கிறது. பேரிங் மாற்றலாம், அது பெரிய விஷயம் இல்லை. மேசை வார்ப்பு இரும்பு. அதில் விரிசல் இருந்தால் ஒட்டவைப்பது கடினம். நேரான இரும்பு ஸ்கேலை மேசைமேல் நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கலாம். நிறைய வெளிச்சம் தெரிந்தால் மேசை வளைந்திருக்கிறது. அதில் பலகை நேராக இழைபடாது.

மோட்டாரின் மேல் ஒரு சிறு தகடு ஒட்டியிருக்கும். அதைப் படிக்க வேண்டும். எத்தனை குதிரைத் திறன், சிங்கிள் பேஸா, மூன்று பேஸா, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அதில் எழுதியிருக்கும். மூன்று பேஸ் மோட்டார் சாதாரண வீட்டு இணைப்பில் அப்படியே ஓடாது. மோட்டார் 1440 சுற்று என்று வைத்துக்கொள்வோம். மோட்டாரின் புல்லி 6 அங்குலம், தண்டின் புல்லி 2 அங்குலம் என்றால், தண்டு மூன்று மடங்கு, அதாவது 4320 சுற்று ஓடும். நல்ல ரம்பங்களின் மேல் அதிகபட்ச வேகம் அச்சிட்டிருக்கும். தண்டின் வேகம் அதைத் தாண்டக் கூடாது.

பணம் கொடுத்ததும் ரசீது வாங்க வேண்டும். அதில் விற்பவர் பெயர், முகவரி, தேதி, விலை, மோட்டார் எண் எல்லாம் இருக்கட்டும். நாளை அது திருட்டு மிஷின் என்று யாராவது வந்தால், அந்தக் காகிதம்தான் துணை.

மிஷினை ஓட்டும் முன் எர்த் கொடுக்க வேண்டும். தோளில் துண்டு கூடாது. கையுறையும் கூடாது. கையுறையின் நூல் பிளேடில் சிக்கினால், விரலையும் சேர்த்து இழுத்துவிடும். பழைய மரத்தில் ஆணி இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். ஒரு அடிக்குக் குறைவான துண்டுகளை இதில் இழைக்காமல், கை இழைப்புளியிலேயே இழைப்பது நல்லது. ரம்பத்தின் அருகே மரத்தைத் தள்ள ஒரு குச்சி வேண்டும். மரத்தூளும் சாதாரணமானது அல்ல. அது மூக்கில் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1995இல் அறிவித்தது. மூக்கை நன்றாக மூடும் முகக்கவசம் அணிய வேண்டும்.

சுவிட்சை நிறுத்திய பிறகும் தண்டு சிறிது நேரம் ஓடும். அது முழுவதும் நின்ற பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அப்புறம்தான் தூளைத் தள்ளக் கையை நீட்ட வேண்டும்.