தாயக்கட்டையை முதலில் கையில் கொடுங்கள்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க நம்மவர் ஆடும் பரமபதத்தைத் தெலுங்கர் 'வைகுண்டபாளி' என்பர். வடநாட்டுச் சமணரிடம் அது 'ஞான சௌபர்'. 84 கட்டப் பலகைகள் உண்டு, உச்சியில் சித்தர் உலகம். காயே உயிர், ஏணி நல்வினை, பாம்பு தீவினை. 1974-இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆட்டத்திலும் ஆடுபவர் ஒரு பாத்திரமாகவே மாறி, பகடை உருட்டுகிறார். கதைக்குள் நுழைவதே இரண்டிலும் சுவை.

ஆகவே, புத்தூரில் நம் கூட்டத்துக்குப் புதிதாய் வருபவரிடம் விதிமுறைகளை ஒப்பிக்காதீர்கள். மிரண்டு ஓரமா உட்கார்ந்துடுவாங்க. நடுவில் இடம் விட்டுத் தாயக்கட்டையைக் கொடுங்கள். பாம்பு கடித்த பிறகு அதன் கதையைச் சொல்லலாம். தமிழ் வாசிக்கத் தெரியாத நம் பிள்ளைகளும் புதியவர்களே. கட்டத்தின் பெயரைப் படித்துக் காட்டுங்கள். அவர்களும் ஒதுங்கிவிட்டால் பலகை பரணுக்குத்தான் போகும்.